சஹனில் என் பங்கு

சோறும் ஆணமும் நிறைந்த சஹனை நான் இரண்டு கையாலும் தூக்கித் தராசின் மேல் வைத்த நேரத்தில், மாமி மத்தியான லுஹர் தொழுகையை முடித்துக்கொண்டு எழுந்து வந்தார்.

மாமி என்றால் என் மாமியார். தராசு கீழே எங்கள் மளிகைக் கடையுடையது. அப்போதுதான் புதிதாக வாங்கியிருந்த எலெக்ட்ரானிக் தராசு. வெள்ளிக்கிழமை மத்தியானம் கடை அடைப்பு என்பதால் இரண்டு மாடி ஏற்றி மேலே கொண்டுவந்திருந்தேன். கடைக்குப் பழைய தராசு போதும் என்று அப்புறமும் அது மேலேயே தங்கிவிட்டது.

"அது இன்னா நூரு?"

"தராசு மாமி."

"தராசுன்னு தெர்து. அது மேல சோறு இன்னாத்துக்கு கீது?"

"எடை போடறேன்."

"யாருக்கு விக்கப் போறே?"

சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த ஷமீமா சிரித்தாள். அவள் என் நாத்தனார். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். சிரித்தால் வயிறு இழுக்கிறது என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள், ஆனால் சிரிப்பதை நிறுத்த மாட்டாள்.

சிவப்பு எண்கள் ஓடி நிற்கும்வரை காத்திருந்து, மனதில் குறித்துக்கொண்டேன். வேகும் முன்பே அரிசி, கறி, தேங்காய், எண்ணெய் எல்லாவற்றையும் நிறுத்தாயிற்று. சாப்பிட்டு மிச்சம் விழுந்தால் அதையும் நிறுத்துக் கழித்து, மூன்றால் வகுத்தால் என் பங்கு வந்துவிடும். இவ்வளவு எளிய கணக்கை உலகத்தில் யாரும் யோசிக்கவில்லையே என்று எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

சஹன் தெரியாத வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. அது அகலமான வட்டத் தட்டு. நடுவில் சோற்றைக் குவித்து மேலே ஆணத்தை, அதாவது குழம்பை, ஊற்றி வைப்போம். மூன்று நான்கு பேர் சுற்றி உட்கார்ந்து அவரவர் பக்கத்திலிருந்து எடுத்துச் சாப்பிட வேண்டும். கல்யாண விருந்தில் எங்கள் ஆட்கள் நிறையப் பேர் அப்படித்தான் சாப்பிடுவார்கள். அன்றாடம் அப்படிச் சாப்பிட்ட வீடு மேற்குத் தாம்பரத்தில் எனக்குத் தெரிந்து எங்களுடையது ஒன்றுதான். மாமி கீழக்கரைப் பக்கத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தவர். பேச்சு சீக்கிரமே மெட்ராஸாகிவிட்டது. சஹனை மட்டும் அவர் விடவில்லை.

ஆண்கள் கடையைப் பார்த்து முன்னே பின்னே சாப்பிடுவார்கள். பெண்கள் மூவருக்கும் ஒரே சஹன். மாமி அதில் கடைசியாகக் கை வைப்பார், முதலில் கை எடுப்பார். அதை நான் அப்போது ஒரு விஷயமாக நினைக்கவில்லை.

நடைதானே

அந்த வருடம் வனக் காவலர் வேலைக்கு விண்ணப்பித்திருந்தேன்.

என் அம்மா வீடு கோவிலம்பாக்கத்தில். கொஞ்ச தூரம் நடந்தால் நன்மங்கலம் காடு. காடு என்றதும் யானை, புலி என்று நினைக்க வேண்டாம். முள்ளும் புதரும் பாறையும்தான். ஆனால் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் நானும் என் தங்கை பர்வீனும் அதன் ஓரத்தில்தான் கிடப்போம். அங்கே காக்கிச் சட்டையில் ஒருவர் கையில் தடியோடு நடந்துகொண்டே இருப்பார். நடப்பதற்குச் சம்பளம் தருகிறார்கள் என்பது எனக்குப் பெரிய ஆச்சரியமாக இருந்தது. அந்த ஆச்சரியம் கல்யாணமாகி, கடைக் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து பொட்டலம் மடித்த வருடங்களிலும் போகவில்லை.

எழுத்துத் தேர்வைத் தாண்டிவிட்டேன். மிச்சம் இருந்தது நடை. குறித்த தூரத்தைக் குறித்த நேரத்துக்குள் நடந்து முடிக்க வேண்டும். நடைதானே என்று யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள். வெயில் ஏறிய தார் ரோட்டில், பின்னால் ஒருவர் கடிகாரத்தோடு வர, நாலு மணி நேரம் நடந்து பார்த்தால் சிரிப்பு எங்கே போகிறது என்று தெரியும்.

எனக்குத் தெரியும். ஏனென்றால் ஒருமுறை தோற்றிருந்தேன். முக்கால் தூரத்தில் கண் இருட்டி ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டேன். என்னைத் தாண்டிப் போன பெண்களின் கால்கள் மட்டும் நினைவில் இருக்கின்றன. ஒருத்தி நீலக் கேன்வாஸ் ஷூ போட்டிருந்தாள். அந்த நீலத்தைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வரும்.

வயது வரம்புப்படி இன்னும் ஒரே ஒரு வாய்ப்புதான் பாக்கி. மச்சானும் அதைத்தான் சொன்னார். மச்சான் என்பது என் கணவர். எங்கள் வீடுகளில் பலர் கணவரை அப்படித்தான் கூப்பிடுவோம்.

"நூரு, இந்தவாட்டி பாஸாயிட்டேன்னா எந்தக் காட்டுல போட்டாலும் போ. நான் கேக்க மாட்டேன். ஆவலைன்னா இத்தோட வுட்டுடணும். அப்பறம் காடு கீடுன்னு பேச்சே எடுக்கக் கூடாது."

"எடுக்க மாட்டேன்" என்றேன். சொன்னதைச் செய்கிறவள் என்பதால் எனக்கே பயமாக இருந்தது.

தினமும் விடிந்ததும் கிளம்புவேன். முடிச்சூர், மண்ணிவாக்கம், கரசங்கால் என்று போய் படப்பைவரை நடை. மச்சான் மொபெட்டில் முன்னால் போய்ப் படப்பையில் காய்கறி எடுத்துக்கொண்டு காத்திருப்பார். திரும்பும்போது முன்னால் கத்தரிக்காய், பின்னால் நான். புர்காவுக்குக் கீழே ஷூ தெரிய வேக வேகமாக நடக்கும் பெண்ணைப் பார்த்து அந்த ரோட்டில் நாய்கள்கூட முதல் வாரம்தான் குரைத்தன. அப்புறம் அவற்றுக்கும் பழகிவிட்டது.

பர்வீனின் பெருக்கல்

பர்வீன் அப்போது காட்டாங்குளத்தூரில் விடுதியில் தங்கிக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். கல்லூரிக் கூடைப்பந்து அணியிலும் இருந்தாள். நான் முன்பு மயங்கி உட்கார்ந்த கதையைக் கேட்டுவிட்டு அவள் கேட்ட முதல் கேள்வி, "அக்கா, நீ எவ்ளோ சாப்பிடறே?"

"வயிறு ரொம்ப."

"அது அளவே இல்ல."

அடுத்த வாரம் பிரவுசிங் சென்டரில் எடுத்த ஒரு தாளோடு வந்தாள். உயரம், எடை, வயது மூன்றையும் வைத்து, உடம்பு சும்மா மூச்சு விட்டுக்கொண்டு கிடக்கவே எவ்வளவு கலோரி வேண்டும் என்று முதலில் ஒரு எண். எனக்கு ஏறத்தாழ ஆயிரத்து முந்நூறு வந்தது. பிறகு நாம் செய்யும் வேலைக்குத் தக்கபடி அதைப் பெருக்க வேண்டும். தாளின் கீழே வரிசையாக இருந்தது: உட்கார்ந்தே இருப்பவர், கொஞ்சம் நடமாடுபவர், நன்றாக உழைப்பவர்.

"நீ ஆக்டிவ், அக்கா. கீழ் வரிசை" என்று பெருக்கினாள். இரண்டாயிரத்து இருநூறு வந்தது. "இதுக்குக் கொறைஞ்சா உன் உடம்பு உன்னையே திங்கும். நடக்கற நாள்ல கண் இருட்டறது அதனாலதான். மத்தது எல்லாம் அப்புறம்."

எனக்கு அந்த எண் பிடித்துப்போயிற்று. இத்தனை நாள் 'சத்தா சாப்பிடு', 'தெம்பா இரு' என்று ஆளாளுக்குச் சொன்ன புத்திமதிக்குப் பதில், பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி கிடைத்துவிட்டது. இரண்டாயிரத்து இருநூறைச் சாப்பிட்டே தீருவது என்று முடிவு கட்டினேன்.

காலை இட்லி, சாயங்காலச் சுண்டல், வாழைப்பழம் இதெல்லாம் எண்ணிவிடலாம். சிக்கல் மத்தியானம். ஒரு நாளில் பாதிச் சாப்பாடு சஹனில் இருந்தது. பொதுவில் கிடக்கும் சோற்றில் என்னுடையது எவ்வளவு? அதற்காகத்தான் தராசு மாடி ஏறியது.

"பரக்கத்தைக் கூட நிறுத்துப் பாக்கப் போறியா?" என்றார் மாமி அன்றைக்கு. பரக்கத் என்றால் ஆண்டவன் தரும் நிறைவு. ஒரே சஹனில் சாப்பிட்டால்தான் அது இறங்கும் என்பது அவர் நம்பிக்கை.

"பரக்கத்து தனி மாமி. நான் சோத்தை மட்டும்தான் நிறுக்கறேன்."

"நிறுத்துக்கோ. சோறு ஆறுதில்ல?"

எங்கே போகிறது?

கணக்குப்படி எல்லாம் சரியாக இருந்தது. மூன்றால் வகுத்து, காலை மாலையைக் கூட்டினால் தினமும் இரண்டாயிரத்து இருநூறுக்குக் கொஞ்சம் மேலேயே வந்தது. ஆனால் உடம்பு இளைத்தது.

தாம்பரம் ஸ்டேஷனில் அப்போது எடை பார்க்கும் இயந்திரம் ஒன்று உண்டு. ஏறி நின்று காசு போட்டால் கலர் விளக்குகள் சுற்றி, கடகடவென்று சத்தம் போட்டு, ஒரு சின்ன அட்டையைத் துப்பும். ஒரு பக்கம் எடை, மறுபக்கம் ஜோசியம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போய் ஏறுவேன். ஜோசியம் வாராவாரம் நன்றாக ஆகிக்கொண்டே வந்தது. 'உங்கள் முயற்சி கைகூடும்' என்றுகூட ஒருமுறை வந்தது. எடைதான் இறங்கிக்கொண்டே போனது.

ஒரு காலை மண்ணிவாக்கம் தாண்டியதும் பழைய இருட்டு வந்தது. அதே மாதிரி, ஓரத்திலிருந்து உள்ளே. ஒரு டீக்கடைப் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடைக்காரர் சர்க்கரை தூக்கலாக ஒரு டீ கொடுத்தார். தேர்வுக்கு ஒன்றரை மாதம்கூட இல்லை.

வீட்டில் ஆளுக்கொரு வைத்தியம் ஆரம்பமாயிற்று. மச்சான் வயிற்றில் பூச்சி என்று முடிவு செய்து மருந்துக் கடையில் மாத்திரை வாங்கி வந்தார். மாமி கண்ணேறு என்றார். தண்ணீரில் ஓதி ஊதிக் குடிக்கச் சொன்னார். இரண்டையும் விழுங்கினேன். எதிலும் குறை வைக்கக் கூடாது என்பது என் கொள்கை. பூச்சியும் இல்லை, கண்ணேறும் இல்லை போலிருக்கிறது. அடுத்த ஞாயிறும் எடை இறங்கித்தான் இருந்தது.

பர்வீனுக்குப் போன் போட்டேன்.

"கணக்கு தப்பில்ல அக்கா. திருப்பித் திருப்பிப் போட்டுப் பாத்துட்டேன். சாப்பாடுதான் எங்கியோ லீக் ஆகுது."

"எங்க லீக் ஆகும்? சஹன்ல ஓட்டை ஒண்ணும் இல்லியே."

"வெள்ளிக்கெழம வரேன்" என்று வைத்துவிட்டாள்.

என் கை

வெள்ளிக்கிழமை வந்தவள் விடுதிச் சாப்பாட்டில் வயிறு கெட்டு வந்திருந்தாள். மாமி அவளுக்கு மோர் கலக்கிக் கொடுத்தார். அதனால் அவள் சஹனில் உட்காரவில்லை. மோரை வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்து எங்கள் மூவரையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாப்பிட்டு முடித்து, நான் மிச்சத்தை நிறுக்கப் போனபோது பின்னால் வந்தாள்.

"அக்கா, ஒண்ணு கேப்பேன். கோச்சுக்கக் கூடாது. இன்னைக்குக் கறி சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேனே."

"எத்தனை துண்டு?"

யோசித்தேன். பிய்த்தது நினைவிருந்தது. எலும்பிலிருந்து பதமாகப் பிய்த்தது, நெஞ்செலும்பை ஒதுக்கியது எல்லாம் நினைவிருந்தது. மென்றது நினைவில்லை.

"ஒண்ணு கூட உன் வாய்க்குப் போகல. பிச்சுப் பிச்சு ஷமீமா பக்கம் தள்ளினே. உருளைக்கெழங்கை மசிச்சு மாமி பக்கம் தள்ளினே. ஆணம் ஊறின நடுச்சோறு பூரா அவங்க பக்கம் போச்சு. நீ ஓரத்துல வெறுஞ்சோறு தின்னுட்டு எந்திரிச்சிட்டே."

நான் நம்பவில்லை. எனக்குக் கோபம்கூட வந்தது. மறுநாள் என் கையை நானே பார்த்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தேன்.

அவள் சொன்னது சரி. என் கை என்னைக் கேட்காமலே வேலை செய்தது. நல்லதாக எது அகப்பட்டாலும் அது வயிற்றுப்பிள்ளைக்காரியின் பக்கம் போயிற்று. அதைவிட வேடிக்கை, மாமியின் கையும் அதையே செய்தது. மாமி எனக்குத் தள்ளுவார், நான் ஷமீமாவுக்குத் தள்ளுவேன், ஷமீமா தாங்க முடியாமல் அம்மாவுக்குத் தள்ளுவாள். கறித் துண்டுகள் எங்களைச் சுற்றி ஊர்வலம் போய், கடைசியில் யாருக்குப் பசி அதிகமோ அவளிடம் போய்ச் சேரும். அந்த மாதத்தில் அது ஷமீமா.

மூன்று பேர் என்றால் மூன்றால் வகுத்துவிட்டேன். ஒரு சஹனில் மூன்று சமபங்கு இருக்கும் என்று நினைத்தது, அந்த வீட்டில் அத்தனை வருடம் சாப்பிட்ட நான். இதைவிடப் பெரிய முட்டாள்தனத்தை இந்தத் தொடரில் இதுவரை எழுதியதாக எனக்கு நினைவில்லை.

கையைக் கட்டுப்படுத்திப் பார்த்தேன். முடியவில்லை. ஒரு துண்டை வாயில் போட்டால் ஷமீமாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவள் என்னவோ சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். கோளாறு என் பக்கம். அப்படியானால் வழி ஒன்றுதான்.

தட்டு

அடுத்த நாள் மத்தியானம் ஒரு எவர்சில்வர் தட்டை எடுத்து, என் பங்கை நிறுத்துப் போட்டுக்கொண்டு சுப்ராவில் உட்கார்ந்தேன். சுப்ரா என்பது சாப்பிடும்போது தரையில் விரிக்கும் துணி.

மாமி தட்டையே பார்த்தார்.

"இன்னா அது?"

"தட்டு மாமி. பரீட்சை முடியற வரைக்கும்."

"யார் இன்னா சொன்னாங்க உன்ன?"

"யாரும் ஒண்ணும் சொல்லல. சஹன்ல என் பங்கு எனக்கே தெரிய மாட்டேங்குது. எனக்கு இவ்ளோ வேணும்னு கணக்கு இருக்கு. அதைச் சாப்பிட்டாதான் நடக்க முடியும்."

மாமி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்.

"எங்க வாப்பா வூட்ல அண்ணன் தம்பி நாலு பேரு. ஒரு நாள் பெரியண்ணன் தனித்தட்டு எடுத்துகினு உக்காந்தாரு. ஒரு வாரம் கூட ஆவல, வூட்டுக்கு நடுவுல செவுரு வெச்சாங்க. தட்டுன்னா அதான் நூரு. வேற இல்ல."

"நான் சண்டைக்குத் தட்டு எடுக்கல மாமி. நடக்கறதுக்கு எடுக்கறேன்."

"எதுக்கு எடுத்தாலும் தட்டு தட்டுதான்."

நான் எழுந்திருக்கவில்லை. கண்ணில் தண்ணீர் முட்டியது. ஆனாலும் தட்டில் இருந்ததைக் கடைசிப் பருக்கைவரை தின்றேன். மாமியை எனக்குப் பிடிக்கும், அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். என் அம்மாவைவிட அவரோடுதான் நான் அதிகம் சிரித்திருக்கிறேன். ஆனால் ரோட்டோரம் உட்கார்ந்து அடுத்தவர் கால்களைப் பார்க்க இன்னொருமுறை நான் தயாராக இல்லை.

அன்று சாயங்காலம் மாமி சஹனைக் கழுவித் துடைத்துப் பரணில் ஏற்றிவிட்டார். மறுநாள் எல்லோருக்கும் தட்டு. மாமி தன் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்பங்கரைக்குப் போய்விட்டார். ஷமீமா இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அழுதாள். மச்சான் கடையில் ஸ்டாக் எடுக்க வேண்டும் என்று கீழேயே கிடந்தார். அந்த வாரம் அவர் எடுத்த ஸ்டாக்கில் ஒரு கடையை இரண்டு தடவை எண்ணி முடித்திருக்கலாம்.

பேச்சு குறைந்தது. எடை நின்றது. பிறகு ஏறியது. ஞாயிற்றுக்கிழமை அட்டையைப் பார்த்துச் சந்தோஷப்படவும் முடியவில்லை, படாமல் இருக்கவும் முடியவில்லை. மண்ணிவாக்கத்தில் இருட்டு வரவில்லை. கரசங்காலிலும் வரவில்லை. ஒரு நாள் மச்சான் கத்தரிக்காயைப் பேரம் பேசி முடிப்பதற்குள் படப்பை போய்ச் சேர்ந்துவிட்டேன். அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "பறந்து வந்தியா?" என்று மட்டும் கேட்டார்.

பரணிலிருந்து

தேர்வுக்கு முந்தைய வாரம். கடைக்கு இறங்கிப் போய்விட்டு மத்தியானம் மேலே வந்தபோது, சுப்ரா விரித்திருந்தது. நடுவில் சஹன். தேங்காய்ச் சோறு, கறி ஆணம், ஓரத்தில் அவித்த முட்டை. பக்கத்தில் தராசு.

மாமியும் ஷமீமாவும் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள். இருவர் கையும் அப்போதுதான் கழுவியதாக, ஈரமாக இருந்தது.

"நிறுத்துக்கோ" என்றார் மாமி. "பூரா உன் பங்குதான். சரியா கீதான்னு பாரு. பர்வீன்கிட்ட போன்ல கேட்டுதான் வெச்சேன்."

"நீங்க?"

"நாங்க துன்னாச்சு."

அடுப்பங்கரை மேடையைப் பார்த்தேன். இரண்டு தட்டுகள் கழுவிக் கவிழ்த்திருந்தன. எங்களுக்கு முன்னால் மாமி சாப்பிட்டு நான் பார்த்ததே கிடையாது. விருந்தாளி வந்தாலும், காய்ச்சல் அடித்தாலும், கடைசி ஆள் மாமிதான்.

"தனித்தட்டு எனக்கு இருக்கட்டும். நான் வாழ்ந்து முடிச்சவ. எனக்கு எவன் செவுரு வெப்பான்? நீ வாழற பொண்ணு, நீ சஹன்ல துன்னு. தனியா உக்காந்துகினு துன்னக் கூடாதுன்னுதான் நாங்க ரெண்டு பேரும் கூட கீறோம்."

நான் தராசைத் தொடவில்லை என்று எழுதினால் அழகாக இருக்கும். ஆனால் நிறுத்தேன். சரியாக இருந்தது. பிறகு உட்கார்ந்து சாப்பிட்டேன். மாமி சோற்றைப் பிசைந்து பிசைந்து என் பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தார். பழக்க தோஷத்தில் நான் ஒரு துண்டைப் பிய்த்து ஷமீமா பக்கம் நகர்த்தியபோது, கையில் சுளீரென்று ஒரு அடி விழுந்தது.

"கணக்குல கை வெக்காத."

தேர்வு நாளைப் பற்றி எழுத நிறைய இல்லை. வெயில் இருந்தது. தார் இளகியிருந்தது. முன்பு உட்கார்ந்த தூரம் வந்தபோது எனக்குள் ஒரு பக்கம் இருட்டை எதிர்பார்த்துக்கொண்டே நடந்தது. அது வரவில்லை. நேரத்துக்குக் கணிசமாக முன்பே கோட்டைத் தாண்டினேன். தாண்டியதும் பசித்தது. அவ்வளவு சுத்தமான பசியை நான் அதற்குப் பிறகு மலைகளில்தான் அனுபவித்திருக்கிறேன்.

மாமியின் கணக்கு

வேலை உத்தரவு வந்த பிறகு பர்வீன் ஒரு வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்தாள். அதற்குள் ஷமீமாவுக்கு ஆண் குழந்தை பிறந்து, வீடு முழுக்கச் சாம்பிராணி வாசனை. சுப்ரா விரித்து, பழையபடி ஒரே சஹன். நான்கு பேர் உட்கார்ந்தோம். தராசு இன்னும் மூலையில்தான் இருந்தது. மச்சான் அதைக் கடைக்கு எடுத்துப் போக வந்து வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"பர்வீனு, எனக்கு ஒண்ணு போடேன்" என்றார் மாமி.

"என்னது மாமி?"

"இவளுக்குப் போட்டியே கணக்கு. அது."

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பர்வீன் பையிலிருந்து பேனாவையும் அந்தப் பழைய தாளையும் எடுத்தாள். மாமியின் உயரம் யாருக்கும் தெரியவில்லை. நிலைப்படியில் நிற்க வைத்து அளந்தோம். எடை கேட்டதும் மாமி இடுப்பிலிருந்த சுருக்குப்பையை அவிழ்த்து ஒரு சின்ன அட்டையை எடுத்து நீட்டினார். எங்களிடம் சொல்லாமல் தாம்பரம் ஸ்டேஷனுக்குப் போய் ஏறி நின்றுவிட்டு வந்திருக்கிறார்.

"வயசு?"

"அறுவது போடு. கூடக் கொறைய இருக்கும்."

"வேலை என்னன்னு போடறது மாமி? இதுல மூணு வரிசை இருக்கு."

"எனக்கு இன்னா வேலை? சும்மா வூட்லதான் கீறேன்."

பர்வீனின் பேனா முதல் வரிசைக்குப் போயிற்று. நான் அவள் கையைப் பிடித்தேன்.

"அங்க இல்ல. என் வரிசைல போடு."

"அக்கா, அது ஆக்டிவ்."

"தண்ணி லாரி வந்தா ரெண்டு மாடிக்குக் கொடம் தூக்கறது யாரு? நான் படப்பைக்கு நடந்துட்டிருந்தப்ப இந்த வீட்டு வேலையெல்லாம் யார் செஞ்சாங்கன்னு நெனைக்கறே? போடு."

பெருக்கினாள். ஆயிரத்து எண்ணூறுக்கு மேல் வந்தது.

"எண்ணூறு ஆயிரம்லாம் எனக்குப் புரியாது. சோத்துல காட்டு" என்றார் மாமி.

அத்தனை மாதம் நிறுத்த கை எனக்கு. சஹனில் சோற்றைப் பிரித்தேன். இவ்வளவு சோறு, இத்தனை துண்டு கறி, ஒரு முட்டை, கொஞ்சம் பருப்பு. எல்லாவற்றையும் மாமியின் பக்கம் ஒதுக்கி வைத்தேன். மாமி அந்தக் குவியலைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவ்ளோவா எனக்கு?"

"ஒரு வேளைக்கு மாமி."

மாமி சிரித்தார்.

"அப்ப இத்தினி வருசமா என் பங்க யாரு துன்னது?"

கேலியாகத்தான் கேட்டார். ஷமீமா குழந்தையை மடி மாற்றினாள். தராசை எடுக்க வந்த மச்சான் அதை எடுக்காமலே கீழே இறங்கிப் போனார். பர்வீன் தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள். நான் அந்த வீட்டில் சாப்பிட்ட வருடங்களை நினைத்துக்கொண்டேன். ஒவ்வொரு மத்தியானமும் எனக்குப் பிறகு சஹனில் வைக்கப்பட்டு, எனக்கு முன்னால் எடுக்கப்பட்ட மாமியின் கை.

"பிஸ்மி சொல்லி ஆரம்பிங்க மாமி. நீங்க கை வெச்சாதான் நாங்க வெப்போம்" என்றேன்.

எங்களைச் சுற்றிப் பார்த்தார். நாங்கள் மூவரும் கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தோம். சோறு ஆறிக்கொண்டிருந்தது. நான் அந்த வீட்டுக்கு வந்த பிறகு, சஹனில் மாமி முதலில் கை வைத்தது அன்றைக்குத்தான்.